அழுக்குப் படாத ஒன்பதாம் நம்பர்

1

எங்கள் குடோன் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. பச்சைச் சட்டை போட்ட பதினோரு வெள்ளைக்காரர்கள், பின்னால் மலை, ஓரத்தில் ஒரு மாடு. ஆட்டம் முடிந்ததும் எடுத்த படம். எல்லோர் மேலும் சேறு, அதுவும் இடது பக்கம் மட்டும். பத்துப் பேர் ஒல்லியான இளவட்டங்கள். நடுவில் நிற்கிறவருக்கு மட்டும் நாற்பதுக்கு மேல் இருக்கும். வயிறு சட்டையை முட்டிக்கொண்டு நிற்கிறது. அவர் நம்பர் ஒன்பது.

சுவிட்சர்லாந்தில் ஒரு மலைக்கிராமத்துப் பந்து கிளப்புக்கு நூறு வயது நிறைந்ததற்காக எங்களுக்கு வந்த படம் அது. வந்து ஆறு மாசம் ஆகிறது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவன் எல்லாம் "யாரு பெரியவரே இவங்க?" என்று கேட்கிறான். ஷார்ஜா தொழில்பேட்டையில் பழந்துணி பிரிக்கிற குடோனுக்கும் அந்தக் கிளப்புக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரில் இருக்கிற நீங்களும் கேட்பீர்கள். அதனால் ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. கையெழுத்து மட்டும் போடுவேன், அதுவும் பாஸ்போர்ட்டுக்காகப் பழகியது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் ரவீந்திரன். யாழ்ப்பாணத்துக்காரர், குடோனில் ஸ்டோர்கீப்பர். "வந்தான்" என்று நான் சொன்னால் "வந்தவர்" என்று எழுதிவிடுவார். எங்கள் வீட்டுக் கழுதையைப் பற்றிச் சொன்னபோதும் "அவர் உதைத்தார்" என்று எழுதியிருந்தார். சண்டை போட்டுத்தான் மாற்றினேன்.

2

என் பெயர் சின்னையா. பெரம்பலூர் பக்கம். எங்கள் வீடு வெளுக்கிற வீடு. ஊர்த்துணி எல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரும் என்று யாராவது கதை எழுதினால் நம்பாதீர்கள். திண்ணை எங்கே இருந்தது? வேப்பமரத்தடிக்கு வரும். எந்தத் துணி எந்த வீடு என்று பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். குறி பார்க்கவே வேண்டாம், தொட்டால் போதும். இந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சு இல்லை, அந்த வீட்டில் பெரியவர் படுத்த படுக்கை என்று துணியே சொல்லிவிடும். ஊரில் யாராவது செத்தால் அவர் கட்டின துணி எங்கள் வீட்டுக்குத்தான் வரும். என் கல்யாணத்துக்கு நான் கட்டின வேட்டி, அதற்கு முந்தின மாசம் செத்துப்போன மணியக்காரருடையது. நல்ல வேட்டி. தாலி கட்டக் குனிந்தபோது அவர் போடுகிற மூக்குப்பொடி வாசம் வந்தது. எனக்குத் தும்மல் வந்து, தாலி கட்ட ஒரு நிமிஷம் தாமதமாகிவிட்டது.

அந்தக் கைதான் இங்கே சோறு போடுகிறது. ஐரோப்பாவில் மக்கள் வேண்டாம் என்று போடுகிற துணி எல்லாம் இரும்புப் பட்டை கட்டிய பெரிய பொதிகளாகக் கப்பலில் வரும். அதைப் பேல் என்போம். பட்டையை வெட்டி, கொட்டி, பிரித்து, நல்லது கெட்டது பார்த்து மறுபடி கட்டி ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவோம். திருப்பூரில் வேலை பார்க்கிற என் மகன், அப்பா ஷார்ஜாவில் கார்மெண்ட் இன்ஸ்பெக்டர் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறான். "பழந்துணின்னு யார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்கப்பா" என்பான். அவனுக்குப் பெண் பார்த்தபோது என்னிடம் இரண்டு டை வாங்கி வரச் சொன்னான். பேலிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன். சம்பந்தி வீட்டில் நல்ல மரியாதை.

நான் சொல்லப்போகிற வருஷம், ஜெர்மனியில் உலகக்கோப்பை ஆடின வருஷம். அந்த வருஷம் எனக்கு அறுபது. அம்மா சொன்ன கணக்குப்படி ஐம்பத்தாறுதான். பாஸ்போர்ட்டுக்கு ஏஜெண்ட் நாலு வருஷம் கூடப் போட்டுவிட்டார். அறுபது ஆனவனுக்கு விசா புதுப்பிக்க வேண்டுமென்றால், இந்த ஆள் எங்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்று கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதுகிறவர் மேனேஜர் ஹனீஃப் பாய். குஜராத்காரர், இருபது வருஷமாக நம் ஆட்களோடு கிடந்து தமிழ் பழகியவர்.

"சாச்சா, தூக்கிப் போட ஆள் நெறைய இருக்கு. உன்னை வச்சிருக்கிறது கண்ணுக்காக. கண் சரியா இருந்தா எழுதுவேன். இல்லேன்னா கலாஸ், ஊருக்குப் போ, பேரப்புள்ளைங்களோட வெளையாடு" என்று சொல்லியிருந்தார்.

ஊருக்குப் போக யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் ஊரில் எனக்கு என் பேரன் வயசுக்காரன்கூட "சின்னையா, இங்க வாடா" என்பான். இங்கே முதலாளி அர்பாப் முதல் டிரைவர் வரை எனக்குப் பெரியவரே, சாச்சா. ஒரு தடவை ஊர் ஆள் ஒருவன் இங்கே வேலைக்கு வந்தான். பழக்கத்தில் "டேய் சின்னையா" என்று கூப்பிட்டுவிட்டான். கூட வேலை பார்க்கிற முருகேசன் கையிலிருந்த பட்டை வெட்டும் கத்திரியை மேசையில் டங்கென்று வைத்தான். அதற்கப்புறம் அந்த ஆளும் பெரியவரே என்றான். அந்த "பெரியவரே"யை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

3

அந்தச் சித்திரையில் ஒரு சுவிஸ் பேலுக்குள் கித்தான் சாக்கு ஒன்று தனியாகக் கட்டிக் கிடந்தது. அவிழ்த்தால் பச்சைச் சட்டை பதினொன்று, கால்சட்டை, காலுறை, ஒரு கோல்கீப்பர் கையுறை. அடியில் நெஞ்சு வரைக்கும் ஏறுகிற ரப்பர் கால்சட்டை ஒன்று.

"இது எதுக்கு பெரியவரே?" என்றான் முருகேசன். பேல் அமுக்குகிற மெஷின் அவன் கையில். அரியலூர்க்காரன், தேக்குமரம் மாதிரி உடம்பு. "கோல்கீப்பரு மழையில நனையாம இருக்கவா?"

"மீன் பிடிக்கிறவன் போடுறதுடா."

"பந்து டீம்ல மீன்காரனுக்கு என்ன வேலை?"

எனக்கும் தெரியவில்லை. ஆனால் மற்றதெல்லாம் தெரிந்தது. கால்சட்டைகளில் புல் கறை எல்லாம் இடது இடுப்பில். பதினோரு பேருமா இடது பக்கமே விழுவான்? மைதானம்தான் சாய்வு. மலைச்சரிவில் ஆடுகிறார்கள். சட்டை நெஞ்சில் பாலாடைக்கட்டி படம் போட்ட ஒட்டு. அதன் ஓரத்தைப் பிரித்தால் கீழே சாவி படம், அதற்கும் கீழே கட்டில் படம். கிளப்புக்குக் காசு கொடுத்தவர்கள் விளம்பரம்தான். முதலில் லாட்ஜ்காரர் காலம், பிறகு பூட்டுக்கடைக்காரர் காலம், இப்போது பால்காரர் காலம். கோல்கீப்பர் சட்டைக் கையில் மெழுகு சொட்டியிருந்தது. கோயில் வேலை பார்க்கிற ஆள். நாலாம் நம்பருக்குச் சண்டைக்குணம். காலர் மூன்று தடவை கிழிந்து தைத்திருந்தது. மூன்றும் முன்பக்கம் பிடித்து இழுத்தது.

காலுறைகளில் குதிகால் எல்லாம் நூலால் பின்னி அடைத்திருந்தது. ஒரே கை, பெண் கை. பழைய காலுறையில் பின்னல் பாய் முடைந்த மாதிரி அத்தனை நேர்த்தி. புதுசில் கோணல் மாணல். அந்த அம்மாவுக்கு வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது, கண்ணும் மங்கல் என்று நினைத்துக்கொண்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. பந்து கிளப் கதை கேட்கிறவனுக்குக் காலுறை அடைக்கிற கிழவி எதற்கு?

ரவீந்திரனுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் நாங்கள் தங்கியிருக்கிற முவைலா கேம்ப் பின்னால் மணலில் பந்து ஆடுகிற எங்கள் டீமுக்கு அவர்தான் கேப்டன். அதுவரைக்கும் பனியனோடு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"என்ர அக்கா சுவிஸில இருக்கிறா ஐயா. சட்டையில எழுதியிருக்கிற இந்த ஊரைத் தெரியுமோ எண்டு கேட்டனான். அது மலைக்கு அங்கால, தமிழ்க் கடையே இல்லை, மனுசர் போற இடமில்லை எண்டவா."

ஹனீஃப் பாய் சட்டைகளை டீமுக்கே கொடுத்துவிட்டார். "போடுங்க. ஆனா ஜெயிக்கணும்."

4

ஒன்பதாம் நம்பரைத்தான் கடைசியில் தொட்டேன். தனியாக மடித்து, காகிதத்தில் சுற்றி, வாசனைக்கு ஏதோ காய்ந்த பூ வைத்திருந்தது. கூட வந்த மற்ற சட்டைகளோடு சேர்ந்து நூறு தடவை துவைத்த துணி. சாயம் ஒரே சீராக வெளுத்திருக்கிறது. கொடியில் கிளிப் கடித்த தடம் அடியில் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆனால் கக்கத்தில் வியர்வை மஞ்சள் இல்லை, காலரில் அழுக்குக் கோடு இல்லை, முழங்கை தேயவில்லை. தண்ணீரும் வெயிலும் பட்ட சட்டை, வருஷக்கணக்கில் உடம்பு படாத சட்டை.

போடாத சட்டையை எவள் துவைப்பாள்? எங்கள் ஊரில் பதில் ஒன்றுதான். மகன் போன வீட்டுத் துணி எங்களிடம் வரும். எல்லாத்தையும் கொடுப்பார்கள். ஒன்றை மட்டும் தாய் கொடுக்க மாட்டாள். மாசம் ஒரு தரம் எங்கள் அம்மாவிடம் கொடுத்து வெளுத்து வாங்கி, பெட்டியில் வைத்துக்கொள்வாள்.

"இந்தப் புள்ள செத்துப் போச்சுடா" என்றேன்.

எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள். முருகேசன் மட்டும், "ஒன்பதுதான் பார்வேர்டு. எனக்குத்தான்" என்று மாட்டிக்கொண்டான்.

முதல் வெள்ளிக்கிழமை அவனுக்குக் கணுக்கால் சுளுக்கு. இரண்டாவது வெள்ளிக்கிழமை கோல் கம்பத்தில் மண்டையை இடித்துக்கொண்டான். மூன்றாவது வாரம் உட்கார முடியாத இடத்தில் கட்டி. நான்காவது வாரம், அல் குசைஸ் டீமுக்கு எதிராக எங்கள் கோலுக்குள்ளேயே பந்தை அடித்தான். அதுவும் அழகான கோல்.

"நான் அடிக்கல பெரியவரே! காலு தானா திரும்பிச்சு. உள்ளுக்குள்ள இருந்து யாரோ திருப்புன மாதிரி இருந்துச்சு!"

"உன்ர மூளைதான் திரும்பினது" என்றார் ரவீந்திரன். ஆனால் அடுத்த வாரம் அந்தச் சட்டையைப் போடச் சொன்னபோது அவருக்கும் முதுகு வலி வந்துவிட்டது.

ஒருவரும் போட மாட்டேன் என்றார்கள். மற்றவர்கள் பச்சையில் இருக்க, பதினோராவது ஆள் மட்டும் பனியனோடு நின்றால் ரெப்ரி விடமாட்டேன் என்றார். பத்துப் பேரோடு ஆடி ஆறு கோல் வாங்கினோம். அதற்குப் பிறகுதான் எல்லோரும் என் கட்டிலைச் சுற்றி வந்து நின்றார்கள்.

"ஏதாவது செய்யுங்க பெரியவரே. நீங்கதானே செத்தவன்னு சொன்னீங்க."

5

செத்த தேதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம். அந்த மாசம் அமாவாசை வியாழக்கிழமை வந்தது. வியாழக்கிழமை டூட்டி. ஒரு நாள் தள்ளினால் வெள்ளைக்காரன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று வெள்ளிக்கிழமை காலையில் வைத்துக்கொண்டோம்.

கேம்ப் மாடியில் நாற்காலி போட்டு, அதன் முதுகில் சட்டையை மாட்டி, சாமந்தி மாலை போட்டோம். "அவையின்ர சமயத்தில மெழுகுதிரிதான்" என்று ரவீந்திரன் ஒரு மெழுகுதிரி ஏற்றினார். பக்கத்தில் நான் சூடம் ஏற்றினேன். கேரளாக் கடையில் வாங்கிய வாழை இலையில் வடை, பாயசம், கத்தரிக்காய்ப் பொரியல். செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமே என்று மூன்று முக்கோணச் சீஸும் ஒரு சாக்லேட்டும் வைத்தோம். முருகேசன் காலணியைக் கழற்றிவிட்டு, சட்டைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"அண்ணே, தெரியாம போட்டுக்கிட்டேன். மன்னிச்சுக்கங்க. அந்தக் கட்டி மட்டும் ஆறட்டும்."

பிறகு காக்காவைக் கூப்பிட்டோம். தொழில்பேட்டையில் காக்காவுக்குப் பஞ்சமில்லை. மதில் மேல் நாலு உட்கார்ந்திருந்தன. தலையைச் சாய்த்துப் பார்த்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. ஊரில் காக்கா எடுக்காவிட்டால் செத்தவருக்கு ஏதோ குறை என்று அர்த்தம். ஒவ்வொருவராக முன்னால் போய், உன் பிள்ளையை நான் படிக்க வைக்கிறேன், உன் ஆட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுப்பார்கள். சரியான வாக்கு வந்ததும் காக்கா வந்து எடுக்கும்.

"உங்க கிளப்பு பேரைக் காப்பாத்துறோம்ணே" என்றான் முருகேசன். காக்கா வரவில்லை.

"இனிமே எங்க கோல்ல அடிக்க மாட்டோம்." வரவில்லை.

"ஐயா, அவருக்குத் தமிழ் விளங்காதெல்லோ" என்றார் ரவீந்திரன்.

"செத்தவங்களுக்கு எல்லாப் பாஷையும் தெரியும்பா."

"அப்ப ஏன் காகம் வரேல்ல?"

ரவீந்திரன் சட்டைக்கு முன்னால் போய் நின்று இங்கிலீஷில் கொஞ்ச நேரம் பேசினார். அதில் கப், பைனல் என்கிற இரண்டு வார்த்தைதான் எனக்குப் புரிந்தது. காக்காக்கள் எழுந்து பக்கத்துக் கட்டடத்துக்குப் பறந்துவிட்டன. ஒரு பூனை வந்து மூன்று சீஸையும் தின்றுவிட்டுப் போனது.

வடையை நாங்கள் சாப்பிட்டோம். என் அனுபவத்தில் இத்தனை பிடிவாதமான ஆத்மாவை நான் பார்த்ததில்லை.

6

பத்து நாள் கழித்து, காலை டீ நேரத்தில், ஹனீஃப் பாய் ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். டை கட்டி, வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். நல்ல வயிறு.

"சாச்சா, இவர் பேர் ரெட்டோ. துபாய்ல லிஃப்ட் மாட்டுற கம்பெனியில எஞ்சினியர். அந்தப் பச்சைச் சட்டை கிளப்புக்கு நூறு வருஷ விழாவாம். சாக்கு தப்பிப் போய் பழந்துணி வண்டியில ஏறிடுச்சாம். கிளப்காரங்க விசாரிச்சு விசாரிச்சு, நம்ம குடோனுக்கு வந்ததுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. இந்தப் பக்கம் இருக்கிற அவங்க ஆள் இவர் ஒருத்தர்தான்."

சட்டைகளைத் துவைத்து மடித்து மேசையில் வைத்தோம். ஹனீஃப் பாய்க்கு இடம் கிடைத்தால் போதும், பெருமை பேசுவார். வெள்ளைக்காரரிடம் இங்கிலீஷில் ஏதோ அளந்துவிட்டு, என் காதோரம் வந்தார்.

"ஒரு எழுத்துப் படிக்காம, துணியைத் தொட்டே உங்க கிளப் சரித்திரம் சொல்வார்னு சொல்லியிருக்கேன். நாளைக்கு உன் பேப்பர் அர்பாப் மேசைக்குப் போகுது. நல்லா சொல்லு, அச்சா?"

நான் சொன்னேன், ரவீந்திரன் மொழிபெயர்த்தார். சாய்வு மைதானம் என்றேன். ரெட்டோ கண்ணை விரித்தார். லாட்ஜ்காரர், பூட்டுக்கடைக்காரர், பால்காரர் என்றேன். விரல் விட்டு எண்ணித் தலையாட்டினார். கோல்கீப்பர் கோயில் வேலை என்றேன்.

"மணி அடிக்கிறவராம் ஐயா! ஞாயிறு ஆட்டத்துக்கு எப்பவும் பிந்தித்தான் வருவாராம்!"

நாலாம் நம்பர் சண்டைக்காரர் என்றதும் ரெட்டோ மேசையில் தட்டிச் சிரித்தார். அது அவருடைய மச்சானாம். ரப்பர் கால்சட்டைதான் எனக்குத் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டேன். மைதானத்துக்குக் கீழே ஆறாம். சரிவில் உருண்டு பந்து ஆற்றில் விழுந்துகொண்டே இருக்குமாம். அதை எடுக்க ஒருவர் ஆட்டம் முழுக்க ஆற்றுக்குள்ளேயே நிற்பாராம். கிளப்பில் அது ஒரு பதவி. கிளப் தலைவரைவிடப் பெரிய பதவியாம்.

ஹனீஃப் பாய் முகத்தில் வெளிச்சம். என் பேப்பரில் பாதிக் கையெழுத்து விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது ஹனீஃப் பாயே ஒன்பதாம் நம்பரை எடுத்து என் கையில் வைத்தார். "இது?"

இத்தனையும் சரியாகச் சொன்னவன் இதில் தப்பக்கூடாது. அந்தப் பையன் செத்திருக்க வேண்டுமே என்று மனசு வேண்டிக்கொண்டது. முன்பின் தெரியாத ஒருத்தன் சாவை நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு தரம்தான். இப்போதும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

"இந்தப் புள்ள இல்லை. தவறிப் பல வருஷம் இருக்கும். பெத்தவ மனசு கேக்காம தொவச்சு வைக்கிறா. எங்களால முடிஞ்ச சாங்கியம் செஞ்சுட்டோம்னு சொல்லுங்க."

ரவீந்திரன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மெதுவாக, துக்கமாக மொழிபெயர்த்தார். ரெட்டோ ஏதோ கேட்டார். ரவீந்திரன் மாலை, வடை, மெழுகுதிரி என்று கையால் காட்டி விளக்கினார். காக்கா மாதிரி கையையும் ஆட்டினார். ரெட்டோ நெற்றியைத் துடைத்துக்கொண்டு இரண்டே வார்த்தை சொன்னார்.

ரவீந்திரன் என் பக்கம் திரும்பினார். "ஐயா... அது தானாம்."

"எது?"

"ஒன்பதாம் நம்பர். அந்தச் செத்தவர் இவர்தானாம்."

மெஷின் பக்கம் ஒரு சத்தம். முருகேசன் பேலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான். பிறகு தலையை மட்டும் நீட்டி, "காலு தரையில இருக்கா பாருங்க பெரியவரே!" என்றான்.

இருந்தது. நல்ல தோல் பூட்ஸ்.

ரெட்டோ விழுந்து விழுந்து சிரித்தார். காக்கா ஏன் வரவில்லை என்று அவரே கேட்டு அவரே சிரித்தார். ஹனீஃப் பாய் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த சட்டையை வாங்கி மேசையில் போட்டுவிட்டு, "கலாஸ் சாச்சா" என்றார். அவ்வளவுதான். என் அறுபது வருஷமும் அந்த ஒரு வார்த்தையில் பெட்டி கட்டிக்கொண்டு நின்றன.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. துணி பொய் சொல்லாது. நான் காலுறைகளை அள்ளி ரெட்டோ முன்னால் போட்டேன்.

"நீங்க உசுரோட இருக்கீங்க, சந்தோசம். அப்ப இது யாரு? இந்த அம்மா யாரு? இது பழைய தையல், இது போன வருசத்துது, இது இந்த வருசத்துது. பாருங்க. கை நடுங்குது. ரெண்டு வருசமா நடுங்குது. கண்ணும் தெரியல, நூல் ஓட்டைக்கு வெளிய போகுது. உங்க சட்டையைத் தொவச்சதும் இதே கைதான். மடிப்பு அப்படியே இருக்கு. செத்த புள்ளைக்குத்தானே இப்படிச் செய்வாங்க? உசுரோட இருக்கிறவன் சட்டையைப் போடாம எதுக்கு சாமி தொவைக்கணும்?"

ரவீந்திரன் சொல்லச் சொல்ல ரெட்டோவின் சிரிப்பு நின்றது. ஒரு காலுறையை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த பேலின் மேல் உட்கார்ந்தார்.

அவருடைய அம்மாவாம். முப்பது வருஷமாகக் கிளப் துணி எல்லாம் அந்த அம்மாதானாம். இவர் இரண்டே வருஷம் என்று சொல்லிவிட்டு துபாய்க்கு வந்தாராம். பதினோரு வருஷம் ஆகிவிட்டதாம்.

போனை எடுத்து அங்கேயே கூப்பிட்டார். அவர் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் அம்மாவிடம் பேசுகிறவன் குரல் எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதலில் கேட்டார், பிறகு கோபப்பட்டார், பிறகு வாயை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கையும் கண்ணும் இரண்டு வருஷமாகவே அப்படித்தானாம். அவனிடம் சொல்ல வேண்டாம், வேலையை விட்டு ஓடி வருவான் என்று கிளப்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தாளாம். ஒரே மாதிரி இரண்டு சாக்கு. கண் தெரியாமல் பழந்துணிச் சாக்குக்குப் பதில் ஜெர்சிச் சாக்கை வாசலில் வைத்ததும் அந்த அம்மாதானாம்.

"எப்படி இவ்வளவும் கண்டுபிடிச்சவர் எண்டு கேக்கிறார் ஐயா."

"எங்கம்மாவும் தொவைக்கிறவதான்னு சொல்லுங்க."

ரெட்டோ எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். துணி வெளுக்கிற வீட்டு ஆட்களை உங்கள் ஊரில் எப்படி அழைப்பார்கள் என்று நான் கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. ரவீந்திரன் இரண்டு தரம் விளக்கிப் பார்த்தார். கடைசியில் அவர் சொன்ன பதில் இதுதான். கிளப் விருந்தில் முதல் தட்டு தன் அம்மாவுக்குத்தான் வைப்பார்கள். ஆற்றில் நிற்கிறவருக்கு இரண்டாவது. தலைவருக்கு அதற்குப் பிறகு.

ஹனீஃப் பாய் ஒன்பதாம் நம்பரை எடுத்து மறுபடி மடித்து வைத்தார்.

"சாச்சா. செத்தவன் நடந்து வந்ததுக்கு ஒரு மார்க் கொறைச்சுட்டேன். மிச்சத்துக்கு ஒரு வருஷம் எழுதுறேன். யல்லா, வேலையைப் பாரு."

7

அந்த வெள்ளிக்கிழமை ரெட்டோ முவைலாவுக்கு வந்தார். ஊருக்குப் போக டிக்கெட் போட்டுவிட்டாராம், சட்டைகளைத் தானே கொண்டுபோகிறாராம். தனக்குச் செய்த கருமாதிச் சாப்பாடு தனக்கு வரவில்லை என்று சண்டை போட்டார். முருகேசன் மறுபடியும் வடை சுட்டான். வெள்ளைக்காரர் ஒன்பது வடை தின்றார். முருகேசன் எண்ணினான், அது சட்டை நம்பருக்குச் சரியாக இருக்கிறதாம்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "அந்தச் சட்டையை இங்க ஒரு தரம் போடுங்க. அழுக்காக்கி, தொவைக்காம அப்படியே கொண்டுபோய் அம்மா கையில குடுங்க."

போட்டார். தைக்கிறவன் யாரும் பார்க்காமல் இருக்க வேண்டும், வயிறு அப்படி முட்டியது. எங்களுக்காகப் பார்வேர்டு ஆடினார். ஐந்தாவது நிமிஷம் இடது பக்கமாகச் சரிந்து விழுந்தார். எங்கள் மணல் தட்டைத் தரை, சாய்வே கிடையாது. ஆனாலும் இடது பக்கம்தான் விழுந்தார். பழக்கம். வியர்வையும் மணலுமாக, சட்டையைச் சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போனார். நாங்கள் அன்றைக்கும் தோற்றோம்.

மூன்று மாசம் கழித்து இந்தப் படம் வந்தது. கூடவே நூறு வருஷச் சரித்திரம் என்று ஒரு சின்னப் புத்தகம். ரவீந்திரன் அதன் பக்கங்களை அக்காவுக்கு அனுப்பி, போனில் தமிழில் கேட்டுச் சொன்னார். அந்தக் கிளப்பைத் தொடங்கியது ஊர்க்காரர்களே இல்லையாம். மலையைக் குடைந்து ரயில் பாதை போட வெளியூரிலிருந்து வந்த கூலிக்காரர்களாம். பலகைக் கொட்டகையில் ஒரு அறைக்குப் பத்துப் பேர் படுத்துக்கொண்டு, லீவு நாளில் பந்து ஆடினார்களாம். நல்ல தரை எல்லாம் மாட்டுக்காரர்களுடையது. அதனால் யாருக்கும் வேண்டாத சரிவு அவர்களுக்குக் கிடைத்ததாம்.

"நம்மளமாதிரி கேம்ப்காரனுங்கதான்" என்றான் முருகேசன். "அதான் நம்மகிட்ட வந்திருக்கு."

கடைசிப் பக்கத்தில் எங்களைப் பற்றியும் இரண்டு வரி இருக்கிறதாம். உயிரோடு இருக்கிற ஆட்டக்காரருக்கு இறுதிச் சடங்கு நடத்திய ஒரே டீம் என்று.

8

படம் வந்த அன்றைக்குச் சாயங்காலம் கார்டு போட்டு வீட்டுக்குப் பேசினேன். என் பெண்டாட்டி தங்கம்தான் எடுத்தாள். நலம் விசாரித்து முடித்தேன். கேட்க வேண்டியதைக் கேட்க வாய் வரவில்லை. போன தடவை லீவில் போனபோது ஒரு கட்டம் போட்ட சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தேன். நாலு வருஷம் ஆகிவிட்டது.

"ஏந்தங்கம், என் கட்டம் போட்ட சட்டை இருக்குல்ல?"

"எது?"

"நீலக் கட்டம். ஆணியில மாட்டிட்டு வந்தேனே. அதை என்ன செய்யுற? மாசாமாசம் தொவச்சு வைக்கிறியா?"

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"அது எங்க இருக்கு?" என்றாள். "நீங்க போன மாசமே மருமவன் எடுத்து மாட்டிக்கிட்டாரு. சென்ட்ரிங் வேலைக்குப் போட்டுட்டுப் போயி மேலெல்லாம் சிமெண்டு. கையி கிழிஞ்சு போச்சு. இப்ப வண்டி தொடைக்கிறாரு."

"நெசமாவா? வண்டியா தொடைக்கிறாரு?"

"ஆமா, ஒரே கிரீஸு. ஏன், கோவமா? அதைக் கேக்கவா கார்டு போட்டுப் பேசுறீங்க?"

"கோவமெல்லாம் இல்லை" என்றேன். "நல்லா அழுத்தித் தொடைக்கச் சொல்லு."